முடிவுக்குத் தனிக் கட்டணம்

மகனே,

ஸலாம். இந்தக் கடிதத்தை ஆபீஸில் நின்றுகொண்டே படிக்காதே. ரூமுக்குப் போய், கை கால் கழுவி, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்து படி. உன் அத்தா உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. போனில் சொல்லலாம்தான். ஆனால் போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ "சரிங்கத்தா, சரிங்கத்தா" என்று நாலு தடவை சொல்லி வைத்துவிடுவாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்: எனக்குப் பயமாக இருக்கிறது. உன் அம்மாவிடம் சர்க்கரை கூடிவிட்டது, அதனால்தான் கை நடுங்குகிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவள் டீயில் சர்க்கரையை நிறுத்திவிட்டாள். அந்தத் தண்டனை எனக்கு வேண்டியதுதான்.

போன மாதம் பெருநாளுக்கு வந்தபோது, உங்கள் கம்பெனி வெளியிடப்போகும் கேமை என் லேப்டாப்பில் போட்டுக் கொடுத்தாய். சோதித்துப் பார்க்கிற காப்பி, யாருக்கும் காட்டிவிடாதீர்கள் என்றாய். ஆறு வருஷமாக நீயும் உன் ஆட்களும் உழைத்தது என்பதால் நானும் பயபக்தியோடுதான் உட்கார்ந்தேன். வெள்ளம் வந்து வடிந்த ஊர்களில் ஒரு தபால்காரப் பெண் வீடு வீடாகப் போகிறாள். வெள்ளத்தில் பிரிந்துபோன தம்பியைத் தேடுகிறாள். முதல் இரண்டு நாள் அவளைச் சுவரிலிருந்து பிரித்து நடக்க வைக்கவே எனக்குத் தெரியவில்லை. சேற்றில் விழுந்தாள், கிணற்றில் விழுந்தாள். "உங்க கையில வந்து மாட்டுன பாவத்துக்கு அந்தப் புள்ளைக்கு இது தேவைதான்" என்று உன் அம்மா அவரைக்காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள். பிறகு பழகிவிட்டது. மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு வந்தால் சாயந்திரம் அஸர் வரைக்கும் இதே வேலை. அவள் யாருக்குச் சோறு கொடுத்தாள், யாருடைய கடிதத்தைப் பிரித்துப் படித்தாள், யாரைத் தூக்கிவிடாமல் போனாள் என்பதையெல்லாம் பொறுத்து அவரவருக்கு வேறு வேறு முடிவு வரும் என்று நீ சொல்லியிருந்தாய். அதனால் ஒவ்வொரு வீட்டிலும் யோசித்து யோசித்து நடந்தேன். என் சொந்த வாழ்க்கையில்கூட இம்புட்டு யோசித்ததில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் கடைசி ஊர் வந்தது. கடைசித் தெருவில் ஒரு நீலக் கதவு. அவள் தட்டினாள். உள்ளே தாழ்ப்பாள் விலகுகிற சத்தம் கேட்டது. உன் அம்மா கத்தியை வைத்துவிட்டு வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். படம் அப்படியே நின்றுவிட்டது. முடிவு தனியாகக் கிடைக்கும், இத்தனை ரூபாய், வாங்குவதற்கு இங்கே அழுத்தவும் என்று எழுத்து வந்தது. அழுத்தினேன். இந்த வசதி இன்னும் திறக்கப்படவில்லை என்றது. "என்னங்க, அந்தப் புள்ள வாசல்லயே நிக்குதே" என்றாள் உன் அம்மா. அவள் கேமைப் பற்றிக் கவலைப்பட்டாள். எனக்கு அந்த உறைந்துபோன படத்தைப் பார்த்ததும் பயம் வந்துவிட்டது. ஏனென்று உனக்குத் தெரியாது.

உனக்குப் போன் செய்தேன். நீ சிரித்தாய். "அங்கதான அத்தா விசயமே இருக்கு. மூணு வாரம் வெளாண்டவன் அந்தக் கதவத் தொறந்து பாக்காமப் போவானா?" என்றாய். காசு கொடுக்க முடியாதவன் என்ன செய்வான் என்று கேட்டேன். "எவனாச்சும் தன்னோட முடிவை இணையத்துல போட்டு வச்சிருப்பான், பாத்துக்குவாங்க" என்றாய். சரி, ஐந்து வருஷம் கழித்து ஒருவன் வந்து கேட்டால் என்றேன். "அதுக்குள்ள சர்வரையே அணைச்சிருப்போம். அதுக்கப்புறம் எவன் வந்து கேக்கப் போறான்?" என்றாய். பிறகு நீ சொன்னாய்: "இது யாரு ஐடியான்னு நெனைக்கிறீங்க? உங்களுதுதான். உங்க ரெண்டாவது கேசட் கதைய மீட்டிங்ல சொன்னேன். எல்லாரும் கை தட்டுனாங்க. வர்ற திங்கக்கெழம நான் கையெழுத்துப் போட்டா முடிஞ்சுச்சு." நான் போனை உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வெயிலில் வெகுநேரம் நின்றிருந்தேன்.

அந்தக் கதையை நான்தான் உனக்குச் சொன்னேன், மறுக்கவில்லை. பெருநாள் பிரியாணி முடிந்து மாமா சித்தப்பா எல்லாரும் சாய்ந்து உட்கார்ந்ததும் ஒவ்வொரு வருஷமும் சொல்வேன். சிம்மக்கல்லில் மாடியில் இருந்த நம் வீடியோ கடை. கல்யாணத்துக்கு ஒரு கேசட், மூன்று மணி நேரம் என்றுதான் பேச்சு. நான் என்ன செய்வேன்? பந்தியில் ரசம் ஊற்றுவதை இருபது நிமிஷம் ஓடவிடுவேன். மொய் எழுதுகிறவர் மூக்கைச் சொறிவதைக்கூட வெட்ட மாட்டேன். இப்படி இழுத்து இழுத்து, பொண்ணை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பி வைக்கிற நேரம் வரும்போது கேசட் தீர்ந்துவிடும். பொண்ணு அப்பன் கையைப் பிடித்துக்கொண்டு காரைப் பார்த்து நடக்கிற இடத்தில் படத்தை உறைய வைத்து, நாலு மூலையிலிருந்தும் ரோஜாப்பூவைக் கொட்டவிட்டு நிறுத்திவிடுவேன். மிச்சம் இரண்டாவது கேசட்டில், அதற்குத் தனிக் காசு. வாங்காத வீடு கிடையாது. அழுகிற இடத்தைப் பார்க்காமல் யாரால் இருக்க முடியும்? இதைச் சொல்லி முடிக்கும்போது எல்லாரும் சிரிப்பார்கள், சின்னப் பிள்ளையாக நீயும் சிரிப்பாய். எனக்குப் பெருமையாக இருக்கும்.

வாங்காத வீடு ஒன்று இருந்தது, மகனே. கதையின் அந்தப் பகுதியை நான் எந்தப் பெருநாளுக்கும் சொன்னதில்லை. உன் அம்மாவுக்கும் தெரியாது. நீ முதல் கேசட்டை மட்டும் கேட்டுவிட்டு மீட்டிங்கில் போய்ச் சொல்லிவிட்டாய். அதில் உன் தப்பு ஒன்றுமில்லை.

மேலூருக்குப் பக்கத்தில் ஒரு ஊர். இருபத்துநாலு வருஷம் ஆகிறது. பொண்ணு பேர் செல்வி. அவள் அப்பா கல் குவாரியில் வேலை பார்த்தவர். கல்யாணம் முடிந்து இரண்டு வாரத்தில் கடைக்கு வந்து முதல் கேசட்டை வாங்கிக்கொண்டார். இரண்டாவது உண்டு என்று சொன்னதும் சங்கடமாகச் சிரித்தார். "அடுத்த மாசம் வந்து வாங்கிக்கிறேன் பாய். எடுத்து வச்சிருங்க, மறந்துறாதீக" என்றார். தலையை ஆட்டினேன். அடுத்த மாசம் வரவில்லை, அதற்கடுத்த மாசமும் வரவில்லை. புதுக் கேசட் வாங்குவது கட்டுப்படியாகாத காலம் அது. எடுத்த கேசட்டிலேயே திரும்பவும் எடுப்போம், எல்லாக் கடையிலும் அப்படித்தான். ஒரு புதுமனை புகுவிழாவுக்கு அவசரமாகக் கேசட் தேவைப்பட்டபோது அலமாரியில் கைக்கு வந்தது செல்வியின் கேசட். பக்கத்தில் இருந்த லைட் பிடிக்கிறவர், "பாய், இது அந்தக் குவாரிக்காரர் வீட்டுதுல்ல?" என்றார். "மூணு மாசமாச்சு. இனிமே எவன் வந்து கேக்கப் போறான்?" என்று சொல்லிவிட்டு அதன் மேலேயே எடுத்தேன். அந்தப் பொண்ணு தன் அப்பனைவிட்டுப் போன இடத்தில் இப்போது யாரோ ஒருவர் வீட்டில் பால் பொங்கிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு ஒரு மாசம்கூட ஆகவில்லை. செல்வியும் அவள் புருஷனும் கடைப் படியேறி வந்தார்கள். அவளுக்கு வயிற்றில் நாலு மாசம் இருக்கும், மூச்சு வாங்கியது. குவாரியில் கல் சரிந்து அப்பா செத்துப்போனார் என்றாள். இரண்டாவது கேசட் வேண்டும், எம்புட்டு ஆனாலும் தருகிறோம் என்று புருஷன் சொன்னான். அவள் காதில் தோடு இல்லை, வேப்பங்குச்சி இருந்தது. தோட்டை அடகு வைத்துத்தான் காசு கொண்டுவந்திருக்கிறார்கள் என்று அதைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. போட்டோவில் அப்பா எல்லாவற்றிலும் மரம்போல விறைத்து நிற்கிறாராம். நடந்து, பேசி, அசைகிற அப்பாவைப் பார்க்க வேண்டுமாம். அந்த ஊரில் பொண்ணு புருஷன் வீட்டுக்குக் கிளம்பினால் திரும்பிப் பார்க்கக் கூடாது. பெரியவர்கள் அதைச் சொல்லித்தான் காரில் ஏற்றினார்கள். "நான் குனிஞ்ச தலை நிமிரலை பாய். அதான் வீடியோ எடுக்குறாகளே, பெறகு பாத்துக்கலாம்னு நெனச்சேன்" என்றாள். கேசட்டில் பூஞ்சை பிடித்துவிட்டது, தூக்கிப் போட்டாயிற்று என்றேன். அதோடு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. "உங்கப்பா சொன்ன நேரத்துக்கு வந்து வாங்கியிருக்கணும்மா" என்றேன். செத்துப்போன மனிதர் மேல் பழியைப் போட்டேன். அந்த வார்த்தையை நினைக்கும்போது இப்பவும் என் முகத்தில் நானே அறையலாம்போல இருக்கிறது.

அவள் அழவில்லை. "நீங்க கேமராவுல பாத்துக்கிட்டுத்தான இருந்தீக பாய். காரு கெளம்புனப்ப அப்பா என்ன செஞ்சாரு?" என்று கேட்டாள். அவள் கல்யாணம் நடந்த மாசத்தில் மட்டும் நான் பதினோரு கல்யாணம் எடுத்திருந்தேன். எனக்கு அவள் அப்பாவின் முகமே சரியாக ஞாபகமில்லை. தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும், அது ஒரு வார்த்தை. ஆனால் அவளை எப்படியாவது படியிறக்கி அனுப்பிவிட வேண்டும் என்ற பயத்தில், "கை காட்டுனாரும்மா. காரு மறையிற வரைக்கும் சிரிச்சுக்கிட்டே கை காட்டுனாரு" என்றேன். அவள் முகம் விரிந்ததைப் பார்க்க வேண்டுமே. என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள். நான் இன்னொருவர் வீட்டுக் கல்யாணத்தில் பார்த்ததை எடுத்து அவளுக்குக் கொடுத்திருந்தேன். யார் வீடு என்பதுகூட எனக்குத் தெரியாது.

அன்றைக்குப் பிடித்த பயம்தான். அதற்கப்புறம் அந்தப் பக்கம் கல்யாண ஆர்டர் வந்தால் வேறு ஆளைக் கைகாட்டிவிடுவேன். மேலூர் வழியாகப் போகிற பஸ்ஸில் ஊர் வந்ததும் குனிந்து செருப்பைச் சரிசெய்வேன். நீ பத்தாவது படிக்கும்போது கடையை விற்றேனே, எல்லாரும் கையில் கேமராவோடு போன் வைத்திருக்கிறார்கள், இனி இந்தத் தொழில் ஓடாது என்றுதானே காரணம் சொன்னேன்? அது பாதிதான். அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் எந்தக் கேசட்டில் யாருடைய கடைசி நாள் இருக்கிறதோ என்று தோன்றியது. இதை எழுதும்போதே உன் அம்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறாள். சொத்து எழுதி வைக்கிறேன் என்று நினைக்கிறாளோ என்னவோ.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். வியாபாரம் செய்யாதே என்று சொல்ல எனக்கு அருகதையில்லை. உங்கள் ஆபீஸில் சம்பளம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், ஆறு வருஷம் உழைப்பு இருக்கிறது. விலை போதவில்லை என்றால் கடை வாசலிலேயே விலையை ஏற்றி வை. முழுக் கேமுக்கு இவ்வளவு என்று முதலிலேயே சொல். முடியாதவன் வாங்க மாட்டான், அவன் நஷ்டம் அவனுக்குத் தெரியும். புதிதாக இன்னொரு ஊர், இன்னொரு கதை செய்து அதற்குத் தனிக் காசு வாங்கு, யார் வேண்டாம் என்றார்கள்? ஆனால் அவனை மூன்று வாரம் நடக்கவிட்டு, தாழ்ப்பாள் விலகுகிற சத்தத்தையும் கேட்கவிட்டு, அப்புறம் கையை நீட்டாதே. அவன் நடந்த நடைக்கான முடிவு அது. எவனோ போட்டு வைத்திருக்கிறான், பார்த்துக்கொள் என்கிறாயே, அவன் வேறு வழியில் நடந்தவன். நான் செல்விக்குக் கொடுத்ததும் அந்த மாதிரிதான். நாளைக்குச் சர்வரை அணைத்துவிட்ட பிறகு ஒருவன் வருவான் மகனே. எதற்காக வருவான் என்று உன்னாலும் என்னாலும் சொல்ல முடியாது. தன்கூட உட்கார்ந்து விளையாடிய யாரையாவது இழந்துவிட்டு வருவான். எம்புட்டு ஆனாலும் தருகிறேன் என்பான். கொடுப்பதற்கு உன்னிடம் ஒன்றும் இருக்காது. அப்போது உன் வாயில் என்ன வரும் என்று நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. என் வாயில் என்ன வந்தது என்று எனக்குத் தெரியுமே.

இதையெல்லாம் உனக்கு எழுதுவதற்கு முன் நான் அவளிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும், இல்லையென்றால் உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று தோன்றியது. நேற்று போனேன். மாட்டுத்தாவணியில் இரண்டு மேலூர் பஸ்ஸை விட்டுவிட்டு மூன்றாவதில் ஏறினேன். ஏறின பிறகும் இறங்கிவிடலாமா என்று கண்டக்டர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஊரில் விசாரித்தால், மேலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இட்லிக்கடை வைத்திருக்கிறாள் என்றார்கள். அவளே என்னை அடையாளம் கண்டுகொண்டாள். "வீடியோ பாயா? அடேயப்பா, தாடியெல்லாம் நரைச்சுப் போச்சே! வாங்க, உக்காருங்க" என்று பெஞ்சைத் துடைத்துவிட்டாள். அடுப்படியில் நின்ற மகளைக் கூப்பிட்டாள். "ஒங்க தாத்தா சிரிச்சுக்கிட்டே கை காட்டுனாருன்னு சொல்லுவேன்ல, அதப் பாத்தவுக இவுகதான்." அந்தப் பிள்ளை கரண்டியை வைத்துவிட்டு என்னை அப்படிப் பார்த்தது. எனக்கு முன்னால் டீ வந்தது. குடிக்க முடியவில்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் செல்வியே கேட்டாள். "ரொம்ப நாளா ஒன்னு கேக்கணும்னு இருந்தேன் பாய். எந்தக் கையக் காட்டுனாரு?" எனக்குப் புரியவில்லை. "அப்பாவுக்கு வலது தோளுல முன்னாடியே கல்லு விழுந்திருந்துச்சு. அந்தக் கைய நெஞ்சுக்கு மேல தூக்க முடியாது, தூக்குனா உசுரு போயிரும்பாரு. எனக்காக அன்னைக்கு அந்தக் கையத் தூக்கியிருப்பாரோன்னு நெனச்சு நெனச்சுப் பாப்பேன்" என்றாள். மகனே, வலது கைதான் என்று சொல்லிவிட்டால் போதும். அவள் சாகிறவரைக்கும் சந்தோஷமாக இருப்பாள், நானும் டீயைக் குடித்துவிட்டு பஸ் ஏறலாம். அந்த வார்த்தை பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. இருபத்துநாலு வருஷத்துக்கு முன்னால் வந்த அதே பயம், அதே இடத்தில் வந்து நின்றது. எப்படி அடக்கினேன் என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். "எனக்குத் தெரியாதும்மா" என்றேன். "அன்னைக்கும் தெரியாது. நான் பொய் சொன்னேன்." பூஞ்சையும் பொய் என்றேன். கேசட்டின் மேல் வேறு வீட்டு விசேஷத்தை எடுத்ததையும் சொன்னேன். தலையைக் குனிந்தபடியேதான் சொன்னேன்.

அவள் என்னைத் திட்டுவாள், அடிப்பாள் என்றுகூட நினைத்துப் போயிருந்தேன். ஒன்றும் செய்யவில்லை. ஒருவர் வந்து இரண்டு பார்சல் கேட்டார், கட்டிக் கொடுத்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து எனக்கு எதிரில் உட்கார்ந்தாள். "ஏன் பாய் அன்னைக்கே தெரியாதுன்னு சொல்லல? சொல்லியிருந்தா சித்தப்பாகிட்டக் கேட்டிருப்பேனே. அப்பா பக்கத்துல அவருதான நின்னாரு. நீங்கதான் சொல்லிட்டீகளேன்னு நான் அவருகிட்டக் கேக்கவே இல்ல" என்றாள். சித்தப்பா எங்கே இருக்கிறார் என்று கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது. "போன ஐப்பசியில செத்துட்டாரு. அதுவரைக்கும் எங்க வீட்டுலதான் இருந்தாரு பாய். தெனமும் நாந்தான் சோறு போட்டேன்."

திங்கட்கிழமை கையெழுத்துப் போடாதே, மகனே.

உன் அத்தா